கழுவிய தண்ணீர்

மா கில்சூ அந்தப் புத்த மலைக்கோயிலுக்குப் போனது சாமி கும்பிட அல்ல. கல்யாணத்தன்று மகள் கையைப் பிடித்து மண்டபத்துக்குள் அழைத்து வரப்போவது அவரா, அவருடைய தம்பியா என்பது அங்கேதான் முடிவாக இருந்தது.

வசந்த காலத்தில் இரண்டு குடும்பமும் ஓர் உணவகத்தில் சந்தித்துச் சாப்பிட்ட அன்று, மீன் மேசைக்கு வருவதற்குள் கில்சூ சோஜு சாராய பாட்டிலை முடித்திருந்தார். கையில் ஒரு காய்ப்புக்கூட இல்லாதவனுக்கு எதற்குப் பெண் என்று மாப்பிள்ளை இன்ஹோவின் உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பிக் காட்டினார். மாப்பிள்ளையின் அம்மா குக் மியங்சுக் அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் எல்லோரும் கோயிலில் ஓர் இரவு தங்கி வரலாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். அங்கே சாராயம் கிடையாது என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

மகள் யேவொன்தான் உடைத்துப் பேசினாள். "ஒரே ஒரு ராத்திரிப்பா. யாரும் உன்னைத் திரும்பிப் பாக்காத மாதிரி இருந்துட்டு வா. இருந்துட்டா நீதான் என்னைக் கூட்டிட்டு வர்றே. இல்லேன்னா சித்தப்பா."

முதல் நாள் நன்றாகவே போயிற்று. கோயிலில் கொடுத்த சாம்பல் நிறக் கால்சட்டையையும் மேல்சட்டையையும் மாட்டிக்கொண்டு கில்சூ துறவிகள் சொன்ன இடத்தில் உட்கார்ந்தார், சொன்னபோது எழுந்தார். மாலை வழிபாட்டில் விழுந்து விழுந்து கும்பிட்டதில் வங்கி வேலைக்கார மாப்பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. முதுகு வலிக்கவில்லையா என்று சம்பந்தியம்மா கில்சூவைக் கேட்டார்.

"நாள் பூரா குனிஞ்சு கம்பி கட்டுறவனுக்கு இது லீவு மாதிரிங்க, சம்பந்தி."

அந்தம்மா சிரித்துவிட்டார். யேவொனும் சிரித்தாள். தன் பேச்சுக்கு மகள் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று கில்சூவுக்கு நினைவில்லை.

காலைச் சாப்பாட்டில்தான் கெட்டது.

கோயிலில் ஆளுக்கு நாலு கிண்ணம். சோறு, சூப், காய், தண்ணீர். எடுத்ததை மிச்சம் வைக்கக் கூடாது, பேசக் கூடாது. தட்டில் வரும் மஞ்சள் முள்ளங்கி ஊறுகாய்த் துண்டு ஒன்றைக் கடைசிவரை தொடாமல் வைக்கவேண்டும், பாத்திரம் துடைக்கும் துணி அதுதான் என்று இளம் துறவி முன்கூட்டியே சொல்லியிருந்தார். சாப்பிட்டு முடித்தபின் கிண்ணத்தில் சுடுகஞ்சித் தண்ணீர் ஊற்றுவார்கள். முள்ளங்கியால் கிண்ணத்தைச் சுற்றித் தேய்த்து, அந்தத் தண்ணீரைக் குடித்து, முள்ளங்கியையும் தின்றுவிடவேண்டும். பிறகு நல்ல தண்ணீரில் அலசி, அதைப் பொதுவாளியில் ஊற்றவேண்டும்.

கில்சூ எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். ஆனால் சாப்பிடத் தொடங்கச் சொல்லி மூங்கில் பிளாச்சைத் தட்டியதும் கை தன் பாட்டுக்குப் போய்விட்டது. கட்டட சைட் மெஸ்ஸில் தட்டு முன்னால் வந்ததும் முதலில் வாய்க்குள் போவது முள்ளங்கிதான். முப்பது வருஷப் பழக்கம். அமைதியான கூடத்தில் நறுக்கென்று கடித்த சத்தம் கேட்டபோதுதான் அவருக்கே தெரிந்தது. மறுபடி ஒரு துண்டு வாங்கியிருக்கலாம். அதற்குக் கையைத் தூக்கவேண்டும். தூக்கினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

அதனால் விரலால் துடைத்தார். கான்கிரீட்டில் வெடித்த விரல். காய்க்கிண்ணத்தில் ஒட்டியிருந்த கிம்ச்சி ஊறுகாயின் மிளகாய் நகக்கண்ணில் ஏறி எரிந்தது. கஞ்சித் தண்ணீரைக் குடித்தார். நல்ல தண்ணீரில் அலசி வாளியில் ஊற்றும்போது ஒரு சிவப்புத் துணுக்கு கூடவே போவதைப் பார்த்தார். வாளி இன்னும் அவர் முழங்காலுக்கு முன்னால்தான் இருந்தது. அவர் அதை அடுத்த ஆளிடம் தள்ளிவிட்டார்.

துறவி வாளியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். அவர் குரலில் கோபம் இல்லை. "இது பசி தீராத பேய்ங்களுக்குப் போற தண்ணி. அதுங்களுக்குத் தொண்டை ஊசி மாதிரி. மிளகாத்தூள் ஒண்ணு போனாலும் நெருப்பா எரியும். அதனால இந்த வரிசைல இருக்கறவங்களே இதைக் குடிச்சிடுங்க. யாரோடதுன்னு நான் கேக்கல."

அவர் கேட்கவில்லை. சம்பந்தியம்மா வரிசையின் கடைசியைப் பார்த்தார். கில்சூவுக்குப் பக்கத்தில், அந்தக் கடைசியில், புசானிலிருந்து தனியாக வந்திருந்த ஒரு நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டுக்குத் தாமதமாக வந்தவள். சம்பந்தியம்மா உச்சுக்கொட்டிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"என்னோடது இல்லைங்க" என்றாள் நர்ஸ்.

கில்சூ தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பெண்ணை இனி ஜென்மத்துக்கும் பார்க்கப்போவதில்லை என்ற எண்ணம் அவருக்குள் ஓடியது. அதை நினைத்தது தான்தான் என்பதும் கூடவே தெரிந்தது. காது சுட்டது.

"என்னோடது, சாமி" என்றாள் யேவொன். "நான்தான் சரியாக் கழுவல."

வாளியை வாங்கி அவள்தான் முதலில் தன் கிண்ணத்தில் ஊற்றிக் குடித்தாள். பிறகு இன்ஹோ, சம்பந்தியம்மா, நர்ஸ். தன் விரல் கழுவிய தண்ணீரை ஒவ்வொருவராகக் குடிப்பதைக் கில்சூ பார்த்தார். கடைசியில் அவரும் குடித்தார். அதில் ஒரு ருசியும் இல்லை.

முற்றத்துக்கு வந்ததும் சம்பந்தியம்மா யேவொன் தோளைத் தட்டினார். "பரவால்ல விடு. அம்மா இல்லாத பொண்ணு, உனக்குப் பாத்திரம் கழுவ யாரு சொல்லிக் குடுத்திருப்பா? என்கிட்ட வந்து கத்துக்கோ."

முக்காலி போட்டு ஏறி நின்று அப்பன் தின்ற தட்டைக் கழுவியே வளர்ந்தவள் அவள். "சரிங்க அத்தை" என்று தலையை ஆட்டினாள். கில்சூ ஓர் அடி முன்னால் வைத்தார். அவள் திரும்பி அவரைப் பார்த்த பார்வையில் அங்கேயே நின்றுவிட்டார்.

உடுப்பை மடித்து வைக்கும் இடத்தில் அவளைத் தனியாகப் பிடித்தார். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டார்.

"நீ சொல்லுவேன்னு கொஞ்ச நேரம் பாத்தேன்பா."

இப்போதே போய்ச் சொல்லிவிடுவதாகச் சொன்னார்.

"வேண்டாம். இப்போ சொன்னா கோயில்ல வச்சுப் பொய் சொன்னவ நானாயிடுவேன். நீ போய் கோட்டு தைக்கக் குடு. நீதான் கூட்டிட்டு வர்றே."

"சித்தப்பாவே வரட்டும்மா."

"இதுலயும் நழுவிக்காத." மடித்த உடுப்பைக் கூடையில் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

கீழே போகும் பஸ்ஸுக்காக நர்ஸ் வாசலில் நின்றிருந்தாள். கில்சூ அவளிடம் போய், தலையைத் தாழ்த்தி, அது தன்னுடையது என்றார்.

"தெரியும்" என்றாள் அவள். "பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்."

பிறகு ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்டார்.

"அதை நான் எதுக்குங்க சொல்லணும்?" பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள்.

உள்ளே டீ ஊற்றியிருந்தார்கள். சம்பந்தியம்மா அவருக்குத் தன் பக்கத்திலேயே இடம் போட்டு வைத்திருந்தார். அன்று உணவகத்தில் நடந்ததை எல்லாம் மறந்துவிட்டதாகச் சொன்னார். பிறகு மகன் பக்கம் திரும்பினார். "பாத்துக்கோடா. வந்ததுலேர்ந்து ஒரு குறை இல்லாம இருந்தது உன் மாமனார் ஒருத்தர்தான்."

யேவொன் டீக்கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லைங்க" என்றார் கில்சூ. அடக்கமான மனுஷன் என்று எண்ணிக்கொண்டு சம்பந்தியம்மா அவர் கோப்பையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.