கடலைப் பார்த்த சைக்கிள்

கில்பட் எந்த வேலையைத் தொடங்கினாலும் சீமெந்து குழைத்துத்தான் முடிப்பார். பழைய சைக்கிளின் பின்சில்லை ஒரு மோட்டரோடு பெல்ட் போட்டு இணைத்து, இன்வேட்டரும் பூட்டி, மிதித்து மின்சாரம் எடுக்கிற ஏற்பாட்டையும் அப்படித்தான் வாசலில் நிலத்தோடு இறுக்கிவிட்டார். முகம் கடல் பக்கம். எத்தாளைக் கடற்கரையில் எந்த மீன்பிடிகாரன் கடலுக்கு முதுகு காட்டி உட்காருவான்? டீவி வீட்டுக்குள், தன் முதுகுக்குப் பின்னால் இருப்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.

இன்று ஏறியது. மகள் டயனா கொழும்பில் தேசியப் போட்டியில் எண்ணூறு மீற்றர் ஓடுகிறாள். டீவியில் நேரடியாகக் காட்டுகிறார்கள். ஓட்டத்துக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது ஊர் முழுக்கக் கரண்ட் போய்விட்டது.

கில்பட் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி மிதித்தார். டீவி வேலை செய்தது! பைத்தியக்கார வேலை என்று மூன்று மாதமாக நக்கலடித்த மனைவி யூஜினியே கைதட்டினாள். பக்கத்து வீட்டு மக்தலேனா குடும்பத்தோடு வந்து கூடத்தை நிறைத்துவிட்டாள்.

கில்பட்டும் ஆசையில் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கால் தளர்ந்தது, இன்வேட்டர் கீச்சிட்டது, படம் போய்விட்டது. திரும்ப வர ஒரு முழு நிமிடம் எடுத்தது.

"கழுத்தத் திருப்பாதீங்கோ. மிதிங்கோ," என்றாள் யூஜினி.

ஆள் மாறவும் வழியில்லை. ஒருவர் இறங்கி மற்றவர் ஏறுவதற்குள் டீவி நின்றுவிடும், ஓட்டமோ இரண்டே நிமிடம். மகள் ஓடுவதைத் தான் பார்க்கப்போவதில்லை என்று அவருக்கு விளங்கியது.

ஓட்டத்தைத் தொடக்கிவைக்கும் துவக்கு டீவியில் வெடித்தது.

"எத்தினையாவதா வாறாள்?"

"ஓடுறாள், ஓடுறாள்," என்றாள் யூஜினி. அதற்குமேல் அவளிடமிருந்து ஒரு தகவலும் தேறவில்லை. மக்தலேனாதான் ஆறாவது, நாலாவது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசி வளைவில் அவளும் பேச்சை விட்டுக் கூச்சலில் சேர்ந்துவிட்டாள். கில்பட் இருக்கையை விட்டெழுந்து வெறிபிடித்தவர் மாதிரி மிதித்தார். வியர்வை கண்ணை மறைத்தது. உள்ளே கதிரை ஒன்று விழுந்தது, யூஜினி ஓவென்று அழுதாள். டயனாதான் முதலாவது என்று மக்தலேனா கத்திச் சொன்னாள்.

சந்தோசத்தில் கில்பட்டுக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. ஓட்டம் முடிந்துவிட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. டயனாவிடம் மைக்கை நீட்டியிருந்தார்கள். சிங்களத்தில் கேட்டதற்கு அவளும் மூச்சு வாங்கச் சிங்களத்திலேயே பதில் சொன்னாள். அப்பா இப்போது வீட்டில் டீவிக்கு முன்னால் உட்கார்ந்து தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பார், தனக்கு அது போதும் என்றாள்.

கூடத்தில் எல்லாரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். கில்பட் திரும்பவில்லை.

"ஓம் மகள்," என்றார், மிதித்துக்கொண்டே. "பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்."