கரையில் சொல்லாத சொற்கள்

மீனவர் தும்மாஸ் வாயைத் திறப்பதாக இல்லை. அவர் வாயிலிருந்து வரும் கடல் சொற்களுக்காகத்தான் சன்னிவா தபால் படகில் வழியெல்லாம் வாந்தியெடுத்துக்கொண்டு ஸ்வீனோய் தீவுக்கு வந்திருந்தாள். அந்தத் தீவுக்கூட்டத்தில் பேசும் பரோயீஸ் மொழிக்கு அவள் பாடுபட்டுத் தொகுத்த அகராதி அச்சேறிக்கொண்டிருந்தது. மீனவர்கள் படகில் மட்டும் புழங்கும் சொற்களுக்கான பக்கம் காலி. படகில் கத்தியைக் கத்தி என்றோ பாதிரியைப் பாதிரி என்றோ சொல்லிவிடக் கூடாது. எல்லாவற்றுக்கும் வேறு பெயர். ஜெர்மானிய மொழிக் குடும்பத்தின் இந்தக் கடைக்குட்டியிடம் இப்படியொரு புதையலா என்று அவள் மலைத்துப்போயிருந்தாள்.

"அதைக் கரையில சொன்னா, கடல்ல ஆளைக் காப்பாத்துற பலம் அதுக்குப் போயிரும், தங்கச்சி. எம் பையன் ரோய் கிரீன்லாந்துப் பக்கம் கடல்ல கிடக்கான். அவன் வீடு திரும்புற வரைக்கும் கரையில சொல்ல மாட்டேன்," என்றார் தும்மாஸ்.

குளிர்காலம் வந்தால்தான் ரோய் வருவான்; அச்சகம் அதுவரை காத்திருக்காது. சரி, படகிலேயே வந்து கேட்கிறேன் என்றாள். கேட்பதற்குக் கத்தி, பாதிரி என்று கரைச்சொல்லைச் சொல்லியாக வேண்டுமே, படகில் அது காதில் விழுந்தால் அப்படியே திரும்பிவிடுவேன் என்றார். நல்ல வம்புதான்! கரையில் பதில் கிடையாது, கடலில் கேள்வி கிடையாது.

சன்னிவா லேசுப்பட்டவளா? மறுநாள் கத்தி, அகப்பை, கம்பளிக் கையுறை, பாதிரியாரின் புகைப்படம் எல்லாவற்றையும் ஒரு கூடையில் போட்டுக்கொண்டு, ஒலிப்பதிவுக் கருவியோடு படகில் ஏறினாள். துறையைத் தாண்டியதும் வாய் பேசாமல் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினாள். தும்மாஸ் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு சொன்னார் பாருங்கள், ஒவ்வொரு சொல்லும் அத்தனை அழகு! நடுநடுவே குனிந்து வாந்தியெடுத்தாளே தவிர, அவள் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை.

கரையேறி, தொலைபேசி இருந்த கடைக்குப் போய் அச்சகத்தோடு பேசினாள். இப்போதே பதிவைப் போட்டுக் காட்டினால் எழுதிக்கொள்கிறோம், இல்லையென்றால் அந்தப் பக்கம் கிடையாது என்றார்கள். அவள் கருவியின் பொத்தானில் விரலை வைத்தாள். வாசலில் நின்ற தும்மாஸ் தடுக்கவில்லை. முகம் மட்டும் வெளுத்துவிட்டது. கருவி பேசினாலும் அது கரையில் பேசுவதுதானே. அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

இதிலெல்லாம் அவளுக்குத் துளி நம்பிக்கையும் கிடையாது. ஆனாலும் விரலை எடுத்துவிட்டாள். அந்தப் பக்கம் இல்லாமலே அச்சடியுங்கள் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தாள்.

"இவ்வளவு பாடுபட்டியே, தங்கச்சி," என்றார் தும்மாஸ்.

"இருக்கட்டும் அண்ணே. ரோய் வந்து உங்க பக்கத்துல சாப்பிட உக்காரட்டும். அப்புறம் போட்டுக் கேக்கலாம்."