வண்டி விழுந்த பக்கம்

தண்டவாள வளைவில் கவிழ்ந்து கிடந்த, மரக்கட்டை ஏற்றும் வண்டியைப் பார்த்ததும் சுடுதண்ணிக்கு ஆத்திரம் உச்சிக்கு ஏறியது. ஆபீஸ் அவளுக்கு வைத்த பெயர் அது, பொருத்தமான பெயர்தான். சின்ன ரயில் பாதையின் வளைவுகளைச் சரிபார்க்கும் என்ஜினியர் அவள்; இந்தப் புது வளைவு மட்டும் இன்னும் அவள் பார்வைக்கு வரவில்லை. வண்டியை ஓட்டி வந்தவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. கையில் கட்டோடு ஓரமாக நின்றான். பிரேக் பிடிக்கிறவர் ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை. ‘டிரைவர் கண்மண் தெரியாமல் ஓட்டினான்’ என்று எழுதிக் கொடுத்திருந்தவரோ பாதைப் பிரிவின் தலைமை என்ஜினியர், அவளுடைய வீட்டுக்காரர். அந்தப் பேச்சு எடுபட்டால் தம்பிக்கு வேலையும் போகும், ஜெயிலும் கிடைக்கும்.

“நான் ஊர்ந்துதான்க்கா வந்தேன். மாமாகிட்ட சொன்னா, வாயை மூடுங்கறார்” என்றான் தம்பி.

விசாரணைக்கு வந்த அதிகாரி அவனைச் சந்தேகமாகப் பார்த்தார். பக்கத்தில் நின்ற புருஷன் சிரித்தார். “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். டிரைவர்னா பாதையைத்தான் சார் குறை சொல்வான்.”

“வண்டி எந்தப் பக்கம் விழுந்திருக்கு?” என்று கேட்டாள் சுடுதண்ணி.

“விழுந்ததுல என்னடி பக்கம்?”

அடப்பாவி மனுஷா! ஓடுகிற பஸ்சில் நின்று பார்த்தவர் யாருக்கும் தெரியும், திருப்பத்தில் வேகம் நம்மை வெளிப்பக்கம் தள்ளும். அதைச் சமாளிக்கத்தான் வளைவில் வெளித் தண்டவாளத்தைக் கொஞ்சம் உயர்த்தி, வண்டியை உள்பக்கமாகச் சாய்க்கிறார்கள். வேகத்தில் கவிழ்ந்திருந்தால் வண்டி வெளியே, ஆற்றுப் பக்கம் கிடக்க வேண்டும். இதுவோ பாதையை விட்டு உள்ளே சரிந்து, பாறையில் முட்டிக் கிடந்தது.

அவள் இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே மட்டப்பலகையை வைத்துப் பார்த்தாள். வெளித் தண்டவாளம் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று அளந்தாள். அது அகலமான பெரிய ரயில் பாதைக்கான உயரம். இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே அகலம் கூடக்கூட உயர்த்துவதும் கூடும். இங்கே பெரிய பாதையின் அகலத்தில் பாதிகூடக் கிடையாது. காலமெல்லாம் பெரிய பாதையில் வேலை பார்த்துவிட்டு மாற்றலாகி வந்து இந்த வளைவைப் போட்ட புருஷன், கைப்பழக்கத்தில் அந்த அகலத்தையே வைத்து உயரத்தைக் கணக்குப் போட்டுவிட்டார். உயரமாகக் கட்டை அடுக்கிய வண்டி மெதுவாக வந்தால் சாயாமல் என்ன செய்யும்?

தப்பு யாருக்கும் வரும். அதை அவள் பொறுத்திருப்பாள். ஆனால் வண்டி கிடந்த கிடையைப் பார்த்தபோதே இவருக்குப் புரிந்திருக்கும். புரிந்துதான் மச்சினன் தலையில் பழியைப் போட்டிருக்கிறார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“கூடம் நிஜமாவே கோணல்தான் சார்” என்றாள் அதிகாரியிடம்.

புருஷன் அவள் கையைப் பிடித்தார். “வீட்டுல பேசிக்கலாம். மானத்தை வாங்காதே.”

“வீட்டுல என்ன பேச்சு? அவன் கை வீட்டுலயா உடைஞ்சுது?” அவள் கையை உதறினாள். வளைவுக்கு முன்னாலேயே நிறுத்தி வைத்திருந்த, கட்டை அடுக்கிய இன்னொரு வண்டியைக் காட்டினாள். “வேகம்தானே தப்பு? அதை ஆளுங்களை விட்டு நடக்கிற வேகத்துல தள்ளச் சொல்றேன். நீங்க மேல ஏறி உட்காருங்க. வளைவைத் தாண்டினீங்கன்னா என் தம்பியை நானே போலீஸ்ல விடறேன்.”

தண்டவாளம் போடும் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அதிகாரி தொண்டையைச் செருமினார். “நியாயமாத்தானே கேக்கறாங்க. ஏறுங்களேன்.”

புருஷன் ஒரு காலைப் படியில் வைத்தார். தலையைத் திருப்பி வெளித் தண்டவாளத்தைப் பார்த்தார். உள்ளே குப்புறக் கிடந்த வண்டியையும் பார்த்தார். காலைக் கீழே எடுத்துவிட்டார்.

தம்பி தலையைக் குனிந்துகொண்டு அழுதான்.

“உங்க உசிருன்னதும் கணக்கு சரியா வருதே!” என்றாள் சுடுதண்ணி. மட்டப்பலகையை அவர் கையில் திணித்துவிட்டு ஆட்கள் பக்கம் திரும்பினாள். “ஜாக்கியை எடுத்துட்டு வாங்கப்பா. வெளித் தண்டவாளத்தை இறக்கணும். சார் பலகையைப் பிடிப்பார்.”