ஒரு முழு வாக்கியம்

ஊருக்கெல்லாம் கரண்ட் இழுத்துக் கொடுத்த எலெக்ட்ரீஷியன் தன் வீட்டுக்கு மட்டும் கம்பியே வேண்டாம் என்று முடிவெடுத்தால், அவரோடு குடும்பம் நடத்துகிறவள் கதி என்ன? என் கதிதான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தகரக் கூரை வீடு, கூரைமேல் சோலார் தகடு, உள்ளே ஒரு பேட்டரி. பொழுது சாய்ந்ததும் என் வீட்டுக்காரர் மகளை மடியில் உட்கார வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்வார். வெயிலுக்கு நன்றி, பேட்டரிக்கு நன்றி, கிணற்றுக்கு நன்றி. வாண்டும் விடாமல் கூடவே சொல்லும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"யாருக்குச் சொல்றீங்க? அங்க யாரு காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க?"

"கேக்கறவங்க கேப்பாங்க" என்பார்.

அந்த முறை மழை பிடித்தது விடவே இல்லை. வெயில் முகத்தையே மறந்துவிட்டோம். பாலம் தண்ணீருக்கு அடியில் போய்விட்டது, போனில் உயிர் இல்லை. அப்போது பார்த்து வாண்டுக்கு வீசிங் வந்தது. மதியம் தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது. நெபுலைசரில் மருந்தை ஊற்றி மாஸ்க்கை முகத்தில் வைத்தேன். மெஷின் கொஞ்ச நேரம் உறுமியது. இன்வெர்ட்டர் கீச் கீச்சென்று கத்தியது. பிறகு பேட்டரி தீர்ந்து இரண்டும் அடங்கின.

"மத்ததையெல்லாம் நிறுத்திப் பாருங்க!"

"காலையிலயே நிறுத்திட்டேன்." அவர் முகத்தில் ஈயாடவில்லை.

முழு வாக்கியம் பேசுகிறாளா என்று பார்க்க வேண்டும், பேச முடியாவிட்டால் ஆபத்து என்று போன தடவை நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தார்.

"என்ன வேணும், சொல்லும்மா?"

"தண்..." அதற்கு மேல் வரவில்லை. விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுத்தது. உதட்டோரம் நீலம் பூத்தது.

"உங்க நன்றியைக் கொண்டுபோய் ஆத்துல போடுங்க! அதால புள்ளைக்கு ஒரு மூச்சு கொடுக்க முடியுமா?"

அவர் மகளைத் தூக்கித் தோளில் போட்டார். "ஆத்தை நீந்தியாவது தாண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறேன்."

"ரெண்டு பேரையும் சேத்துப் பறிகொடுக்கவா?" வாசலை மறித்தேன்.

மறித்த இடத்தில்தான் சைக்கிள் பம்பு காலில் தட்டியது. முன்பு ஒருநாள் இவர் நெபுலைசரைப் பிரித்துப் போட்டு, "பெரிய வித்தை ஒண்ணும் இல்ல, காத்தை அடிச்சுத் தள்ளுது" என்றார். நல்ல மெஷினைக் கெடுக்கிறாரே என்று அன்றைக்கு வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

"காத்துதானே வேணும்? இதுல அடிங்க!"

பம்பின் வாய் ஒரு அளவு, மருந்துக் குழாய் ஒரு அளவு. வயருக்குச் சுற்றுகிற டேப்பை எடுத்துச் சுற்றினார். ஈரத்தில் வழுக்கிக் கழன்றது. மறுபடி சுற்றினார். ஓர் அடி அடித்ததும் மாஸ்க்கில் மருந்து புகையாக வந்தது. நிறுத்தினால் புகையும் நின்றது.

விடாமல் அடித்தார். தோள் பிடித்துக்கொண்டு அவர் சரிந்தபோது பம்பை நான் பிடுங்கிக்கொண்டேன். எனக்கு ஒரு அடி வேகமாக விழுந்தது, ஒரு அடி சோர்ந்து விழுந்தது.

"ஏதாவது சொல்லிக்கிட்டே அடி, தாளம் வரும்" என்றார், மாஸ்க்கைப் பிடித்தபடி.

என் வாயில் வந்ததைக் கேட்டு எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

"டேப்புக்கு நன்றி." ஓர் அடி. "குழாய்க்கு நன்றி." ஓர் அடி. "மருந்து மிச்சம் இருக்கே, அதுக்கு நன்றி. மெஷினைப் பிரிச்ச இந்த மனுஷனுக்கு நன்றி." கண்ணீரும் வியர்வையும் கலந்து வழிந்தன. யார் கேட்கிறார்கள் என்று நான் இப்போது கேட்கவில்லை. யாரோ கேட்கிறார்கள் என்று நம்பினேன். நம்பித்தான் அடித்தேன். "இந்த மூச்சுக்கு நன்றி. அடுத்ததையும் கொடு. அதுக்கும் இப்பவே நன்றி."

மருந்து தீர்ந்து குப்பி வறண்டது. நிறுத்தினேன். கூரையில் மழை மட்டும் கேட்டது. வாண்டைப் பார்க்கப் பயந்து பம்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாஸ்க்குக்குள்ளிருந்து குரல் வந்தது.

"எல்லாத்துக்கும் சொன்னே, பம்பை மட்டும் விட்டுட்டியேம்மா."

வாக்கியம் எங்கேயும் அறுபடவில்லை. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பம்புக்கு..." என்று ஆரம்பித்தேன். என்னால்தான் அதை முடிக்க முடியவில்லை.