மறையாத வரி

தன் அக்கா செல்லக்கண்ணு திரையில் வாயைத் திறக்கும் இடம் வந்ததும் அறிவரசன் வீடியோவை நிறுத்தினார். இளைய மகள் சசிகலாவின் கல்யாண வீடியோ. சிறுவயதுக் காய்ச்சலில் காது போன மூத்தவள் கலையரசி படிப்பதற்காக, பெரம்பலூரில் டிடிபி கடை வைத்திருந்த அவர், அதிலுள்ள பேச்சையெல்லாம் தட்டிக்கொண்டிருந்தார்.

யாரோ முகம் தெரியாதவர்கள் எழுதி, உள்வேலையையும் திறந்து காட்டி, சும்மா கொடுத்த விஎல்சி பிளேயரில்தான் வீடியோ ஓடியது. வீடியோவின் பெயரிலேயே ஒரு எழுத்து ஃபைலைப் பக்கத்தில் வைத்தால் தானே எடுத்துப் படத்தின் அடியில் காட்டும். எப்போது தோன்ற வேண்டும், எப்போது மறைய வேண்டும், அதன் கீழே பேச்சு, அவ்வளவுதான். முதலில் தமிழ் கட்டங்கட்டமாக வந்தது. கடையின் பழைய ஃபான்ட்டைத் தேர்ந்து கொடுத்ததும் வழிக்கு வந்தது. இதையெல்லாம் ஆசையாகக் கலையரசிக்கும் செய்து காட்டியிருந்தார்.

வீடியோவை மறுபடி ஓடவிட்டார். ஹெட்போனில் அக்கா கேட்டாள்: “மூத்தவ நிக்கிறா, சின்னவளுக்கு முடிச்சிட்டியே தம்பி?”

“என்னக்கா பண்றது? அந்தக் காய்ச்சல்லயே போய்ச் சேந்திருந்தா அவளுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.”

தன் குரல்தான். சொன்ன நினைவே இல்லை. அந்த இடத்தை வெட்டவும் முடியாது. எழுத்தில்லாமல் அவள் பலமுறை பார்த்தாயிற்று. ‘நல்லா சாப்புட்டுப் போக்கா’ என்று தட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை போட்டுக் காட்டினார். ‘இந்த ரசத்துல கையத்தான் கழுவலாம்’ என்று தர்மன் மாமா சொன்ன இடத்தில் கலையரசி, “வாய் கொழுப்பப் பாரு மாமாவுக்கு!” என்று உரக்கக் கத்திச் சிரித்தாள். பந்தியில் அவரும் அக்காவும் பேசும் இடம் வந்தது. சிரிப்பு நின்றது.

“இவ்ளோ நேரம் வாய அசைக்கிறீங்க. இம்புட்டுதானாப்பா?”

அவர் தலையாட்டினார். ஒன்பது வயதிலிருந்து உதடுகளைப் பார்த்தே பேச்சைப் பிடிக்கிறவள். அவளும் தலையாட்டினாள்.

மறுநாள் மதியம் சாப்பிட வந்தபோது அவள் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். திரையில் அவரும் அக்காவும். கீழே, அவர் உண்மையில் சொன்னது, ஒரு சொல் பிசகாமல்.

அக்கா நகர்ந்தாள். வரி நகரவில்லை. மறையும் நேரத்தைக் கலையரசி வீடியோவின் கடைசிக்குத் தள்ளியிருந்தாள்.

அவர் மவுஸுக்குக் கை நீட்டினார்.

“இருங்கப்பா. இன்னும் முடியல.”

இலை எடுத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வரிசையாகப் படத்துக்கு நின்றார்கள். மற்றவர் பேச்சு அந்த வரிக்கு மேலே வந்து வந்து மறைந்தது. சசிகலா அழுதபடி காரில் ஏறினாள். பின்னாலேயே அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கலையரசி வந்தாள். கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். அவள் கழுத்துக்குக் கீழே, பட்டுச் சேலையின் மேல், வெள்ளை எழுத்துகள் நின்றன.