எட்மண்ட் சாரின் ‘லுக் இன்டு’

என் வீட்டுக்காரர் எட்மண்ட் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். சும்மா இருக்க முடியாமல் எங்கள் ஊரப்பாக்கம் அபார்ட்மென்டுக்குச் செயலாளர் ஆனார். தண்ணீர் வரவில்லை, லிஃப்ட் நிற்கிறது என்று யார் புகார் சொன்னாலும் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே பதில்: ‘வில் லுக் இன்டு இட்.’ அப்படியென்றால் ஒரு விஷயத்தைத் தீர விசாரிப்பது என்று விளக்கமும், கூடவே இரண்டு உதாரண வாக்கியங்களும் வரும். அப்புறம் விசாரிக்கக் கமிட்டி கூடும். அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறித்துவிட்டுக் கலையும். காபி மட்டும் என் தலையில் விடியும்.

எங்கள் மகள் ஜெரூஷாவின் கல்யாணத்தன்று காலையில் அந்த லிஃப்ட் இவரையே பிடித்துக்கொண்டது. தாம்பரம் சர்ச்சில் பெண்ணைக் கைப்பிடித்து நடத்திப் போக வேண்டிய மனுஷன், இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் கோட்டும் சூட்டுமாக நின்றார். உள்ளிருந்தே குரூப்பில் புகார் போட்டார். அடுத்த நிமிஷம் அதற்கு அவரே பதிலும் போட்டார்: ‘வில் லுக் இன்டு இட்.’

“மெக்கானிக்கைக் கூப்பிடுறேங்க!” என்று கதவைத் தட்டினேன்.

“கமிட்டி சொல்லாம அவன் வரமாட்டான் ரத்தினா. ரூல் இருக்கு.”

அந்த ரூலைப் போட்ட புண்ணியவானும் இவர்தான். கமிட்டி உறுப்பினர்கள் ஹாஜா மைதீன் பாயும் சூர்யநாராயணனும் புது வேட்டியோடு படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். கதவிடுக்கு வழியாகக் கூட்டம் நடந்தது. லிஃப்ட் உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று தீர விசாரிக்க ஒரு துணைக் கமிட்டி போட்டார்கள். அதற்கும் இவரே தலைவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காரில் காத்திருந்த ஜெரூஷா, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாடியேறி வந்தாள்.

“அப்பா, நீங்க வராம நான் சர்ச்சுக்குப் போகமாட்டேன். இங்கயே உக்காந்துக்கறேன்.”

உள்ளே மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“பயமா இருக்கும்மா. யாராச்சும் என்னை வெளிய எடுங்களேன்.”

ஹாஜா பாய் அந்த நொடியே போனை எடுத்தார். கூட்டத்தை முடிக்கக்கூட இல்லை. படப்பையிலிருந்து பறந்து வந்த மெக்கானிக் ஒரு சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தான். “இன்னா சார், இதுக்கா இம்மாம் நேரம் உள்ள குந்திகினு இருந்தே?” என்றான்.

வெளியே வந்தவர் மகளின் கையைப் பிடித்தவர்தான். காரிலும் விடவில்லை. சர்ச்சில், “இந்தப் பெண்ணைக் கொடுப்பது யார்?” என்று பாஸ்டர் கேட்டார்.

“நான்தான்” என்றார்.

சொன்னாரே தவிர, கையை விடவில்லை. மாப்பிள்ளை கையை நீட்டியபடி நின்றான். கடைசியில் நான்தான் எழுந்துபோய் இவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, இவர் பிடித்துக்கொள்ள என் கையைக் கொடுத்தேன்.