சுடுதண்ணீர் ஊற்றாத வீடு

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுத உட்காரும்போது நான் கண்ணால் பார்த்திருந்தது ஒன்றே ஒன்றுதான். அக்கா மகள் கல்யாணத்துக்குப் பட்டெடுக்க ஆரணிக்குப் போயிருந்தோம். பெண்கள் புடவையைப் பிரிக்க ஆரம்பித்த பிறகு எனக்கு அங்கே என்ன வேலை? டீ குடிக்கலாமென்று பக்கத்துத் தெருவில் நுழைந்தேன். குடலைப் புரட்டும் நாற்றம். ஒரு மாடி வீட்டின் ஓரம் சாக்கடைத் தொட்டியின் மூடியைத் திறந்துபோட்டு இரண்டு பெண்கள் குந்தியிருந்தார்கள். ஒருத்திக்கு முழங்கை வரை சேறு. இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நாற்றத்தில் அப்படிச் சிரிக்க என்னதான் பேசியிருப்பார்கள்? அதைக் கண்டுபிடிக்கத்தான் எழுத உட்கார்ந்தேன். மீதியில் கொஞ்சம் டீக்கடையில் கேட்டது, மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "தறிச் சத்தம் ஓயாத ஆரணியில், ஒரு மார்கழிக் காலையில்..." வேண்டாம். ஆரணி என்றாலே தறியா?

அப்புறம்: "கலைமகளின் பார்லரில் தண்ணீர் இறங்கவில்லை." இது தேவலை. விஷயமே அதுதான்.

கலைமகள் போளூர்ப் பக்கத்துப் பெண். கூலி வேலைக்குப் போன குடும்பத்தில் முதல்முதலாகச் சொந்தக் கடை வைத்தவள். ஜெயவதி அம்மாள் மாடியில் குடியிருக்க, அவர் வீட்டுக் கீழ்ப்பகுதியை வாடகைக்கு எடுத்து பியூட்டி பார்லர் நடத்துகிறாள். மார்கழிக் குளிரில், தலை அலசும் தொட்டியில் தண்ணீர் அப்படியே நின்றுவிட்டது. மாடிச் சமையலறைத் தண்ணீரும் அதே குழாயில்தான் இறங்க வேண்டும். அங்கேயும் நின்றது.

ஹேர் ஆயில், கண்டிஷனர், வேக்ஸ், ஃபேஸ் பேக். குற்றவாளி யார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, கலைமகளுக்கே இல்லை. சென்னையிலிருந்து ஜெயவதியின் மகன் அபிநந்தன் போனிலேயே தீர்ப்பு எழுதிவிட்டான்.

"பார்லருக்கு விட்டா அப்படித்தாம்மா ஆகும். பொங்கலுக்குள்ள காலி பண்ணச் சொல்லிடுங்க."

ஜெயவதி எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். படிக்கட்டில் நின்றிருந்த கலைமகளுக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது. தை முகூர்த்தத்துக்கு மணப்பெண்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். இப்போது இடம் போனால் அவர்கள் போவார்கள். அவர்கள் போனால் கடையே போகும்.

3

"கலைமகள் பெரிய குண்டானில் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குழாயில்—"

[இந்த வாக்கியத்தை ஜெயவதி முடிக்கவிடவில்லை.]

"ஊத்தாத, கலை! உள்ள புழு பூச்சி இருக்கும். வெந்து பூடும்."

"அம்மா, சாக்கடைமா அது! எண்ணெ கட்டிகினு கீது. சுடுதண்ணி ஊத்துனாதான் இளகும்."

"ஆற வெச்சு ஊத்து."

"ஆற வெச்சா எப்டிமா இளகும்? சரி, ஆசிட்டு ஊத்தட்டா?"

ஜெயவதி காதைப் பொத்திக்கொண்டார்.*

* ஜெயவதி சமணர். தண்ணீரை வடிகட்டிக் குடிப்பவர், பொழுது சாய்ந்தால் சாப்பிடாதவர். கூட்டோடு புழுவை வேகவைக்கிறார்கள் என்று பட்டு உடுத்துவதில்லை. ஆரணியில் இருந்துகொண்டு! இப்படி ஒருவர் இருந்தால் சுற்றியிருப்பவர்களுக்குப் பேஜார்தானே என்று கதையிலிருந்து அவர் பெயரை அடித்துப் பார்த்தேன். கதை நொண்டியது. திரும்ப அழைத்துக்கொண்டேன்.

4

மறுநாள் காலை ஜெயவதி கோயிலுக்குப் போனார். குண்டான் இருந்தது, அடுப்பு இருந்தது, பார்க்க ஆளில்லை. ஊற்றிவிடு என்றுதான் நான் எழுதினேன். கலைமகள் ஊற்றவில்லை.

"அவங்க வீடு. வேணான்னுட்டாங்க."

அவ்வளவுதான் அவள் நியாயம். கடை போகும் நிலையிலும் ஒருவர் இல்லாதபோது அவர் சொல்லைக் காப்பாற்றுகிறவள். எனக்கு அவளை நிரம்பப் பிடித்துப்போயிற்று. ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்ச் சாக்கடைத் தொட்டியின் மூடியைத் திறந்தாள். கம்பி வளைந்ததும் கையையே விட்டாள்.

5

வந்தது ஒரு கட்டி. முடிக்கற்றையும் வேக்ஸும் இருந்தன, அது அவள் பங்கு. ஆனால் அதைச் சுற்றி வெள்ளை வெளேரென்று உறைந்த நெய். அதில் பதிந்து கறிவேப்பிலைக் காம்பு, கடுகு.

பார்லரில் யாரும் முகத்துக்குக் கடுகு தாளிப்பதில்லை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் கடை தப்பிக்கும். அதற்குள் கோயிலிலிருந்து திரும்பிய ஜெயவதி பின்னால் வந்து நின்றார். கலைமகள் கட்டியைக் கையால் மூடிக்கொண்டாள். அந்த அம்மாளின் முகம் வாடுவதைப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

ஜெயவதியும் குந்தினார். கையை விலக்கிப் பார்த்தார்.

"இன்னா இது, கடுகு?"

"எங்கியிருந்தாச்சும் வுயுந்திருக்கும்மா."

"பொய் சொல்லாத, கலை. இது என் எண்ணெ, என் நெய்யி."

அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னார். வாணலியில் மிச்ச எண்ணெய் நின்றால் எறும்பு விழுந்து சாகும். ஆகவே சமையல் முடிந்து சூடு ஆறியதும் எல்லாவற்றையும் சிங்க்கில் ஊற்றிவிடுவார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு எறும்பும் அவர் வாணலியில் செத்ததில்லை.

6

இங்கேதான் அவர்கள் சிரிக்க வேண்டும். யார் என்ன சொல்லி?

ஜெயவதி ஸ்பீக்கரைப் போட்டு, "அபி, அடைச்சது நான்தாண்டா. பொங்கலுக்குள்ள நானு காலி பண்ணணுமா?" என்று கேட்டிருக்கலாம்.

அல்லது கலைமகள், "ஏம்மா, எறும்பக் காப்பாத்தப் போயி என்னக் கொல்லப் பாத்தீங்களே!" என்றிருக்கலாம்.

அல்லது இருவரும் ஒன்றும் பேசாமல், கட்டியில் நெளிந்த ஒரு புழுவை வாழைமரத்தடியில் கொண்டுபோய்—

போதும். இதை நான் முடிக்கப்போவதில்லை.

7

தை பிறந்து, தைக்கக் கொடுத்திருந்த ரவிக்கைகளை வாங்க மறுபடி ஆரணிக்குப் போனேன். பார்லர் பலகை அதே இடத்தில் இருந்தது. உள்ளே மருதாணிக் கையோடு ஒரு மணப்பெண். படிக்கட்டின் கீழே ஒரு தகர டப்பா. மாடி வாணலியின் மிச்சமும் பார்லரில் மிஞ்சும் எண்ணெயும் இப்போது அதில்தான் சேர்கின்றனவாம். எறும்பு நுழையாதபடி இறுக்கமான மூடி. எவ்வளவு அழகான மனுஷிகள் என்று அங்கேயே நின்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சிரிப்புக்கு முந்தைய வாக்கியம் உங்களுடையது. எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: சுடுசொல் வேண்டாம். அந்த வீட்டில் அதையும் ஊற்றுவதில்லை.